பிற்பகல் பனிக்கு ஒரு ஸ்கீ

காஷ்மீரில் குல்மார்க் கொண்டோலா என்ற கம்பிவட வண்டியின் இரண்டாம் கட்டம் நம்மை அஃபர்வாட் மலையின் தோளில், சுமார் 3,980 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கே ஸ்கீயை மாட்டிக்கொண்டால் 2,650 மீட்டரில் இருக்கும் குல்மார்க் புல்வெளி வரை, ஆயிரத்து முந்நூறு மீட்டருக்கும் மேலான இறக்கம். அவ்வளவு தூரத்துக்கும் பனி ஒரே பனியாக இருப்பதில்லை. உச்சியில் இருந்த புதுப்பனியைக் காற்று வாரிக்கொண்டு போயிருக்கும். மிஞ்சியது இறுகி, வரிவரியாகச் செதுக்கப்பட்டு, கோலால் தட்டினால் ஓசை கேட்கும். கொஞ்சம் கீழே வந்தால் காற்று வாரிய பனியெல்லாம் பள்ளத்தில் கொட்டிக் கிடக்கும். முழங்கால் வரை உதிரி உதிரியாக. கொண்டோலாவின் நடு நிலையமான கொங்டூரி நெருங்க நெருங்க, காலையிலிருந்து இறங்கியவர்கள் அத்தனை பேரும் கலைத்துப் போட்ட பனி: ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் குழி, நடுவே கட்டி கட்டியாக. அதற்கும் கீழே ஃபிர் மரங்களுக்குள் நுழைந்தால் நிழலில் பழைய மென்பனி. வெயில் விழுந்த இடத்தில் மேலே பொருக்குத் தட்டி, உள்ளே பொதபொதவென்று அமுங்குகிற பனி. கடைசியில் ஸ்லெட்ஜ் வண்டிகளும் புதிதாகக் கற்பவர்களும் மிதித்து மிதித்து வழுவழுப்பாக்கிய தரை.

இத்தனைக்கும் காலில் ஒரே ஜோடிதான். நடுவழியில் மாற்றிக்கொள்ள முடியாது. மலை தருகிற எல்லாப் பனியிலும் ஒரே ஜோடியை வைத்துக்கொண்டு இறங்குவதற்கென்று செய்யப்படுவதைத்தான் கடைக்காரர்கள் ஆல்-மவுண்டன் ஸ்கீ என்கிறார்கள். புதிதாகக் கற்பவருக்கு அதைத் தேர்ந்தெடுப்பது பெரிய விஷயமில்லை. இளக்கமாக, கொஞ்சம் குட்டையாக ஒன்றைக் கொடுத்தால் போதும். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவருக்குத்தான் சிக்கல். அவருடைய கால் ஸ்கீயிடம் நிறையக் கேட்கிறது, ஸ்கீ தராமல் போனால் உடனே கண்டுபிடித்தும் விடுகிறது. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இப்படிப்பட்டவர் ஸ்கீயைக் காலைப் பனியில் பார்த்து மயங்கி வாங்கக் கூடாது. காலையில் எல்லா ஸ்கீயும் நல்ல ஸ்கீ. நாள் முழுக்கக் கலைந்த பிற்பகல் பனியில், தொடை ஓய்ந்த பிறகு அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

நான் ராயப்பன்பட்டிக்காரன். பின்னால் ஹைவேவிஸ் மலை, அடிவாரத்தில் சண்முகாநதி அணை, சுற்றிலும் திராட்சைப் பந்தல். பனிமய மாதா கோயில் உள்ள ஊர்தான். ஆனாலும் ராணுவத்தில் சேர்ந்து காஷ்மீருக்குப் போகும்வரை பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஸ்கீ அங்கேதான் பழகியது. ஓய்வு பெற்ற பிறகும் தை, மாசியில் குல்மார்க் போவது நிற்கவில்லை. “அந்தப் பலகைய எப்படிண்ணே பாத்து வாங்குறீங்க?” என்று ஊரில் தம்பிமார் கேட்டால் மாடு வாங்குவதைத்தான் சொல்வேன். எங்கள் பக்கம் வண்டிப் பந்தயத்துக்கு மாட்டை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள்: பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தட்டாஞ்சிட்டு என்று. பந்தய மாடு பந்தயத்துக்கு மட்டும். உழவு, பரம்பு, வண்டி எல்லாவற்றையும் ஒரே ஜோடியை வைத்து ஓட்டுகிற சம்சாரி வேறு மாதிரி பார்ப்பார். சுழி சுத்தமா என்று பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார். விலை பேசுவது நடக்கவிட்டுப் பார்த்த பிறகுதான். கம்பெனி அச்சடித்துத் தரும் அகலம், ஆரம், எடையெல்லாம் சுழியும் பல்லும். அவற்றைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அதோடு விலை பேசிவிடக் கூடாது.

குல்மார்க்குக்கு ஸ்கீ புதிதல்ல. 1927-லேயே பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் இங்கே ஸ்கீ கிளப் தொடங்கினார்கள். 1948-இல் நம் ராணுவத்தின் ஸ்கீ பள்ளி வந்தது. அதுவே வளர்ந்து இன்று உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக நிற்கிறது. கொண்டோலாவின் முதல் கட்டம் 1998-இல் ஓடத் தொடங்கியது, உச்சி வரை போகும் இரண்டாம் கட்டம் 2005-இல். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் குளிர்கால மேகங்கள்தாம் இங்கே பனியாகக் கொட்டுகின்றன. மார்கழி ஆறாம் தேதி வாக்கில், அதாவது டிசம்பர் 21-இல், காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்று சொல்லும் நாற்பது நாள் கடுங்குளிர் பிறக்கிறது. அந்த நாட்களில் விழும் பனி உலர்ந்து உதிரியாக இருக்கும். மாசி பிறந்துவிட்டால் பகல் வெயில் ஏறி, மதியத்தில் நீர் கோத்துக்கொள்ளும்.

ஆல்ப்ஸ் மலையில் ஊருக்கு ஊர் இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய தடங்கள் உண்டு. சுவிட்சர்லாந்தில் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் பள்ளி ஸ்கீ முகாமில் முதலில் மிதிப்பது அந்தத் தடத்தைத்தான். அஃபர்வாட்டில் அது அபூர்வம். கொண்டோலாவுக்கு நேர் கீழே உள்ள பெரிய பள்ளத்தைப் பனிச்சரிவுக் காவலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்கு வெளியே எல்லாம் அவரவர் பொறுப்பு. (வெளியே போகிறவர், பனியில் புதைந்தவரைத் தேடி எடுக்க உதவும் பீக்கன், மண்வாரி, புரோப் மூன்றும் இல்லாமல், பாதை தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாமல் போகவே கூடாது. எவ்வளவு நல்ல ஸ்கீயும் பனிச்சரிவுக்குப் பதில் சொல்லாது.) சூரிச்சில் இருக்கும் நண்பருக்குப் பொருந்துகிற ஸ்கீ இங்கே பொருந்தாமல் போவது, சமப்படுத்திய தடம் இங்கே அபூர்வம் என்பதால்தான்.

முதலில் இடுப்பு. பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்குக்குக் கீழே, ஸ்கீ ஒடுங்கியிருக்கும் இடத்தின் அகலத்தைத்தான் இடுப்பு என்பது. பந்தய ஸ்கீக்கு அது 65, 70 மில்லிமீட்டர். முழுக்கச் சமப்படுத்திய தடத்துக்கு 75 முதல் 85. ஆழ்பனிக்கென்றே செய்தவை 110-க்கும் மேலே போகும். ஆல்-மவுண்டன் ஸ்கீ இவற்றுக்கு நடுவே, 86-இலிருந்து 105 வரை. அகலம் கூடக் கூட மென்பனியில் மிதக்கும், சரிதான். ஆனால் ஸ்கீ பூட்ஸின் அடி சுமார் 70 மில்லிமீட்டர்தான் அகலம். ஸ்கீயின் இடுப்பும் 70 என்றால் எஃகு விளிம்பு பாதத்துக்கு நேர் கீழே இருக்கிறது. சாய்த்தால் எலும்பு நேராகத் தாங்கும். இடுப்பு 100 என்றால் விளிம்பு பாதத்துக்கு வெளியே பதினைந்து மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. இறுகிய தரையில் அந்தப் பதினைந்து மில்லிமீட்டரும் நெம்புகோலாகி, ஸ்கீயைத் திரும்பத் தட்டையாக்கப் பார்க்கும். அதை முழங்காலும் கணுக்காலும்தான் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு திருப்பத்திலிருந்து அடுத்ததற்கு விளிம்பு மாற்றுவதும் தாமதமாகும். அகலமான ஸ்கீயில் இறுகிய தடத்தில் ஒரு முழு நாள் இறங்கியவருக்கு மறுநாள் காலை முழங்கால் இதையெல்லாம் விளக்கிச் சொல்லும்.

குல்மார்க்குக்கு என் கணக்கு 96 முதல் 102. உச்சியின் இறுகிய பனியில் விளிம்பு பிடிக்கவும் முடிகிறது, பள்ளத்தில் மிதக்கவும் முடிகிறது. ஆல்ப்ஸில் தடத்திலேயே பெரும்பாலும் இருப்பவர் 88-ஐத் தாண்ட வேண்டியதில்லை. 108-ஐப் போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் இதுதான் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அவர்கள் நல்ல நாட்களை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஸ்கீக்கு இடுப்பு வந்த கதை பழையது. நார்வேயின் டெலிமார்க் வட்டாரத்து சோன்ட்ரே நோர்ஹெய்ம் 19-ஆம் நூற்றாண்டிலேயே நடு ஒடுங்கிய மர ஸ்கீ செய்து, குதிகாலைக் கட்டி, வளைந்து திரும்பிக் காட்டினார். 1950-இல் அமெரிக்க விமானப் பொறியாளர் ஹோவர்ட் ஹெட் மரத்தின் மேலும் கீழும் அலுமினியத் தகடு ஒட்டிய ஸ்கீயைக் கொண்டுவந்தார். அது திரும்புவதை அவ்வளவு எளிதாக்கியதால், ஏமாற்றுப் பலகை என்றே சிலர் அழைத்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஸ்லோவேனியாவின் எலான் கம்பெனி இடுப்பை ஆழமாக வெட்டி எஸ்சிஎக்ஸ் என்ற ஸ்கீயைச் செய்ததும் பழைய நேர் ஸ்கீக்கள் ஒரு பத்தாண்டுக்குள் காணாமல் போயின. 2002-இல் ஸ்கீ வீரர் ஷேன் மெக்கான்கி ஆழ்பனிக்காக முனையும் வாலும் மேல்நோக்கி வளைந்த ஸ்பாட்டுலா என்ற ஸ்கீயைக் கொண்டுவந்தார். அது விசித்திரமான பொருள், விற்பனையும் கொஞ்சம்தான். ஆனால் இன்று கடையில் இருக்கும் அநேகமாக எல்லா ஆல்-மவுண்டன் ஸ்கீயின் முனையிலும் அவருடைய யோசனை கொஞ்சம் இருக்கிறது.

இடுப்பு வெட்டின் ஆழத்தை ஆரம் என்று மீட்டரில் எழுதுவார்கள். ஆடவர் ஜயண்ட் ஸ்லாலம் பந்தயத்துக்குப் பன்னாட்டு விதி 193 சென்டிமீட்டர் நீளம், 30 மீட்டர் ஆரம் கேட்கிறது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரரான ஆரிஃப் கான் இந்த மலையடிவாரத்துப் பிள்ளை. அவர் தந்தை குல்மார்க்கில் ஸ்கீ கடை வைத்திருந்தவர். ஜயண்ட் ஸ்லாலத்தில் 45-ஆம் இடம் பிடித்தார். அவர் காலில் இருந்த அந்த வகை ஸ்கீ கொடி நட்ட பாதைக்கு அற்புதம். நம் மரங்களுக்குள் அதைக் கொண்டுவந்தால் இரண்டு மரத்துக்கு நடுவே திருப்பவே முடியாது.

ஆல்-மவுண்டனுக்கு 16 முதல் 19 மீட்டர் சரியாக இருக்கிறது. அச்சடித்த ஆரம் ஸ்கீயைத் தட்டையாக வைத்த ஆரம். இறுகிய பனியில் சாய்த்து வளைக்க வளைக்க அது சுருங்கும்: 18 மீட்டர் ஸ்கீயை 45 பாகை சாய்த்தால் சுமார் 13 மீட்டர், 60 பாகையில் 9 மீட்டர். தேர்ந்தவரிடம் சாய்க்கும் துணிவு உண்டு; ஆகவே அவர் குட்டை ஆரத்தைத் தேடிப் போக வேண்டாம். 14 மீட்டர் ஸ்கீ கலைந்த பனியில் நம்மைக் கேட்காமலேயே உள்ளே இழுக்கும், திரும்பு திரும்பு என்று நச்சரிக்கும். நேராகப் போக வேண்டிய இடத்தில் நேராகப் போக விடுகிற ஸ்கீதான் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது: ஸ்கீயைப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும் வளைவு. கடையில் ஒரு ஜோடியைக் கையில் கொடுத்தால் முதலில் இரண்டின் அடிப்பாகங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, ஜன்னல் பக்கம் திருப்பிப் பாருங்கள். நடுவில் இரண்டுக்கும் இடையே வெளிச்சம் ஒழுகும் இடைவெளி தெரியும். அதுதான் கேம்பர். நாம் ஏறி நின்றதும் அந்த எழும்பல் அமுங்கி, எடையை முன்னும் பின்னும் விளிம்புக்கு அனுப்புகிறது. இறுகிய பனியில் பிடிப்பு அங்கிருந்துதான் வருகிறது. இப்போது நடுவை விரலால் அழுத்திச் சேருங்கள். இடைவெளி மூடும், ஆனால் முனைப்பக்கம் இரண்டும் மெல்லப் பிரிந்து விலகி நிற்கும். அது ராக்கர். மென்பனியில் முனை புதையாமல் மேலேறி வருவதும், பொருக்கில் மாட்டிக்கொள்ளாமல் வழுக்கி விடுபடுவதும் அதனால்தான். பிரிவு எங்கே தொடங்குகிறது என்று சாண் வைத்துப் பார்ப்பேன். முனையிலிருந்து ஒன்றரைச் சாண் என்றால் எனக்குச் சம்மதம். இரண்டரைச் சாண் பிரிந்திருந்தால் அது ஆழ்பனிக்காரருடையது. இறுகிய தரையில் முன்பகுதி தரையைத் தொடாமல் சடசடவென்று ஆடும், 180 சென்டிமீட்டருக்குக் காசு கொடுத்துவிட்டு 140-இல் நிற்க வேண்டியிருக்கும். வாலில் ஒரு சாணுக்குள் இருந்தால் நல்லது. வால் அதிகம் எழும்பிய ஸ்கீ எளிதாகத் துடைத்துக்கொண்டு திரும்பும், ஆனால் திருப்பத்தின் கடைசியில் காலை வாரிவிடும்.

அப்படியே வாலைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் முனையைப் பிடித்து, மறு கையால் நடுவைத் தள்ளி வளைத்துப் பாருங்கள். பாதம் நிற்கும் இடம் அசையக் கூடாது. அங்கிருந்து முனைக்குப் போகப் போக இளக வேண்டும். அந்த இளக்கம் படிப்படியாக வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சட்டென்று மடங்குகிற ஸ்கீயை வைத்துவிடுங்கள். கலைந்த பனியில் ஒவ்வொரு கட்டியிலும் அதே இடத்தில் மடங்கி நம்மை முன்னே தள்ளும். பிறகு முனையை இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள். வளைவதில் தாராளமாகவும் முறுக்குவதில் கறாராகவும் இருப்பது செய்நேர்த்திக்கு அடையாளம். மரம், கண்ணாடி நார், உலோகம் மூன்றையும் எந்தத் திசையில் எவ்வளவு அடுக்குவது என்பதில்தான் அது கிடைக்கிறது. கைக்கு அது தெரிந்துவிடும்.

உள்ளே மரம் இருக்கிறது. பாப்லர், பீச், ஆஷ், பாலோனியா எல்லாம் மெல்லிய பட்டைகளாக நெடுக்கே ஒட்டியது. பாலோனியா எடை குறைந்தது; பீச், ஆஷ் கனமும் உறுதியும். பாதத்துக்குக் கீழே உறுதியான மரமும், முனையில் எடை குறைந்த மரமும் வைப்பது இப்போது பரவலாகி வருகிறது. மரத்தின் மேலும் கீழும் டைட்டனால் எனப்படும் அலுமினியக் கலவைத் தகடு, அரை மில்லிமீட்டர் அளவுக்கு. இந்தத் தகடு அதிர்வை விழுங்குகிறது. உச்சியின் வரிவரியான பனியில் வேகமாகப் போகும்போது உலோகமில்லாத ஸ்கீயில் உள்ளங்கால் முதல் பல் வரை நடுங்கும். உலோகம் உள்ளதில் ஓசை மட்டும் கேட்கும், காலுக்கு வந்து சேருவது கொஞ்சம்தான்.

இங்கே என் சார்பை மறைக்கப் போவதில்லை. கடந்த சில ஆண்டுகளாக எல்லாரும் எடையைக் குறைக்கிறார்கள். 180 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு ஸ்கீ 1,700 கிராம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். தோளில் தூக்கி நடக்க அது சுகம். மலையேறி இறங்குபவருக்கு எடை குறைவு கட்டாயம், அதில் மறுப்பில்லை. ஆனால் கொண்டோலாவில் ஏறி இறங்கப் போகிறவருக்கு எடை எதிரியல்ல. கட்டி கட்டியாகக் கிடக்கும் பனியில் கனமான ஸ்கீ தன் வேகத்தோடு கட்டியை உடைத்துக்கொண்டு போகும். இலகுவான ஸ்கீயைக் கட்டி தட்டிவிடும், அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விலகும், அதைத் திரும்ப வரிசைக்குக் கொண்டுவரும் வேலை தொடையுடையது. பிற்பகலில் கால் ஓய்வதற்குப் பாதிக் காரணம் இந்தச் சின்னச் சின்ன மீட்பு வேலைகள்தாம். அதற்காக 2,300 கிராம் இரும்புப் பாளமும் வேண்டாம். மரங்களுக்குள் சட்டென்று தூக்கித் திருப்ப வேண்டிய இடங்கள் இருக்கின்றன. 1,900-இலிருந்து 2,100 வரை என் கைக்கு ஒத்து வருகிறது.

நீளத்தில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. தேர்ந்தவர் தன் உயரத்திலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் கூட எடுக்கலாம். ராக்கர் உள்ள ஸ்கீ தரையில் தன் அளவைவிடக் குட்டையாகவே நடந்துகொள்ளும். பைண்டிங்கைக் கம்பெனி குறித்த கோட்டிலேயே பூட்டுங்கள். பைண்டிங் கழன்றுகொள்ளும் அளவை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம், சறுக்கும் விதம் இவற்றைக் கொண்டு அட்டவணையில் பார்த்து வைக்க வேண்டும். பழகியவன் என்ற பெருமையில் அதை ஏற்றிக் கேட்பது முழங்காலோடு விளையாடுவது. பிரேக்கின் அகலம் ஸ்கீயின் இடுப்புக்குப் பொருந்துகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் அந்த விஷயம் முடிந்தது.

குல்மார்க்கில் தனியாகக் கவனிக்க வேண்டியது அடிப்பாகம். பனிக்காலத் தொடக்கத்தில் மெல்லிய பனிக்குக் கீழே பாறைகள் மறைந்திருக்கும், ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் அடியைக் கிழித்துக்கொண்டு வருவார். பழுதுபார்ப்பவர் அதைச் சரிசெய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்கு அலுக்காத காட்சி. ஸ்கீயைக் கவிழ்த்துப் பிடிமானத்தில் இறுக்குவார். கிழிசலுக்குள் ஒட்டிய மெழுகையும் அழுக்கையும் சுரண்டி எடுப்பார். பிறகு பென்சில் போன்ற கறுப்பு பாலிஎத்திலீன் குச்சியைப் பற்றவைத்து, சுடர் மஞ்சளாகாமல் நீலமாகவே இருக்கும்படி உலோகத் துண்டுக்கு மிக அருகில் பிடித்து, சொட்டுச் சொட்டாகக் கிழிசலில் விடுவார். சுடர் உயர்ந்து புகை பிடித்தால் கரி கலந்து ஒட்டு நிற்காது. நிரம்பியதும் ஆறவிட்டு, எஃகுத் தகட்டால் வாலை நோக்கி நீளநீளமாகச் சீவுவார். சீவல் சுருண்டு விழ விழ, ஒட்டிய இடம் மற்றப் பரப்போடு கலந்து, விரலால் தடவினால்கூடத் தெரியாமல் போகும். கடைசியில் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து லேசாக இழுப்பார். வெள்ளையாகத் தூள் சுரண்டி வந்தால் கூர் இருக்கிறது என்று அர்த்தம்.

இதனால்தான் வாங்கும்போதே அடியும் விளிம்பும் தடிமனாக உள்ளதை எடுக்கச் சொல்கிறேன். எடையைக் குறைப்பவர்கள் முதலில் கை வைப்பது அங்கேதான். விளிம்பை அடியில் 1 பாகை, பக்கத்தில் 2 பாகை வைத்துத் தீட்டினால் இந்த மலைக்குப் போதும். முனையில் ராக்கர் உள்ள பகுதியின் கூரை மட்டும் ரப்பர் கல்லால் கொஞ்சம் மழுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பொருக்குப் பனியில் முனை எதிர்பாராமல் கடித்துப் பிடித்துக்கொள்ளும். மெழுகைத் தையில் குளிர் பனிக்குக் கடினமானதும், மாசி பாதிக்கு மேல் ஈரப்பனிக்கு இளகியதுமாக மாற்றிப் போட வேண்டும்.

பெயர் சொல்லச் சொன்னால் சொல்கிறேன். ஜெர்மனியின் ஃபோல்கல் மான்ட்ரா இந்தக் குடும்பத்தில் கறாரானது. 2018-இல் அதன் எம்5 பதிப்பு வந்தபோது முழுத் தகட்டுக்குப் பதிலாக உலோகத்தை விளிம்போரமாகச் சட்டம் போலப் பிரித்து வைத்தார்கள். 96 மில்லிமீட்டர் இடுப்பு. பிடிப்பு குறையவில்லை, நடுப்பகுதிக்கு உயிர் வந்தது. அது சறுக்குபவரிடம் ஒழுங்கைக் கேட்கும். பின்னால் சாய்ந்து நின்றால் ஒத்துழைக்காது, முன்னே நின்று அழுத்தினால் எந்தச் சரிவையும் பிடித்துக்கொள்ளும். நார்டிகா என்ஃபோர்சர் 100 கனமானது, ஆனால் முனை இணக்கமானது. கொங்டூரிக்கு மேலே கலைந்த பனியில் அதைப் போல அமைதியான ஸ்கீ குறைவு. ஆஸ்திரிய பிளிஸார்டின் பொனாஃபைட் இரண்டுக்கும் நடுவே. வேகம் கூடக் கூட நன்றாகிறது, மெதுவாகப் போகிறவருக்கு மரக்கட்டையாக இருக்கும். சலோமன் கியூஎஸ்டி 98, ஹெட் கோர் போன்றவை முழு நீளத் தகடு இல்லாத, எடை குறைந்த வகை. மரங்களுக்குள் விளையாட, புதுப்பனியில் துள்ள அவை இனிமையானவை. அறுபது கிலோ எடைக்காரருக்கு, அவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும், நான் இவற்றையே முதலில் கொடுப்பேன். கனத்த உலோக ஸ்கீயை வளைக்கவே அவருக்குப் போதிய எடை இல்லை. எண்பது கிலோக்காரர் வந்தால் என்ஃபோர்சரைத்தான் எடுத்து வைப்பேன்.

எனக்கென்று ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னால், கியூஎஸ்டி தரும் துள்ளலை விட்டுக்கொடுத்துவிட்டு என்ஃபோர்சரின் அமைதியை எடுத்துக்கொள்வேன். புதுப்பனி நாள் மாதத்தில் சில. கலைந்த பனி எல்லா நாளும் உண்டு.

வாங்குவதற்கு முன் நடக்கவிட்டுப் பார்க்கும் வேலை இருக்கிறதே, அதைக் குல்மார்க்கிலேயே செய்துகொள்ளலாம். பூட்ஸ் மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும். கால் உள்ளே நகர்கிற வாடகை பூட்ஸில் எந்த ஸ்கீயைப் பற்றியும் எதுவும் தெரியாது. இரண்டு ஜோடியை வாடகைக்கு எடுத்து, காலையில் எதை வேண்டுமானாலும் போட்டுச் சறுக்கி மகிழுங்கள். மதியம் சாப்பிட்ட பிறகு சோதனை. ஒன்றைப் போட்டுக்கொண்டு உச்சியிலிருந்து நிற்காமல் கொங்டூரி வரை இறங்குங்கள், கீழே வந்து ஜோடியை மாற்றிக்கொண்டு அதே கோட்டில் இன்னொரு முறை. பனி உதிரியாக இருக்கும் ஓரத்தைத் தேடிப் போகாதீர்கள். எல்லாரும் மிதித்த நடுப்பகுதியிலேயே இருங்கள். வேகத்தைக் குறைக்காமல் ஒரு நீண்ட திருப்பம், உடனே நாலைந்து குறுந்திருப்பம், பிறகு கொஞ்ச தூரம் நேராக. எந்த ஜோடியில் கண் தன் முனையைப் பார்க்காமல் அடுத்த இருபது மீட்டரைப் பார்க்கிறதோ, எந்த ஜோடி நீங்கள் அரைகுறையாகத் தொடங்கிய திருப்பத்தையும் வால் வரை முடித்துக் கொடுக்கிறதோ, அதன் அகலம், ஆரம், எடை, நீளம் நான்கையும் அன்று மாலையே குறித்துக்கொள்ளுங்கள். அதே ஸ்கீ கிடைக்காவிட்டாலும், அந்த நான்கு எண்ணை வைத்துக்கொண்டு அதன் உடன்பிறப்பைத் தேடிப் பிடித்துவிடலாம்.